சட்டைப் பையில் சங்கீதம்

என் சகோதரியின் மகள் வாய்ப்பாட்டு கற்றுக்கொள்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் ஆசிரியையின் வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்பதும், அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு பஸ்ஸில் திரும்பும்போது காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே வருவதும் அவள் வழக்கம். சென்ற மாதம் ஒரு நாள் என்னிடம் வந்து, "மாமா, டீச்சர் பாடுவது நன்றாகவே பதிவாகிறது, ஆனால் சுருதிப் பெட்டியின் சத்தம் மட்டும் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. கோளாறு பெட்டியிலா, ஃபோனிலா?" என்று கேட்டாள். வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். இரண்டிலுமே கோளாறு இல்லை. பேசுகிறவர் குரலைத் தெளிவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே உண்டான அந்தக் கருவி, மின்விசிறியின் இரைச்சலைப்போல இடைவிடாமல் ஒரே நிலையில் ஒலிப்பது எதுவானாலும் அதை வேண்டாத சத்தம் என்று தீர்மானித்து அடக்கிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நம்முடைய சங்கீதத்தில் இடைவிடாமல் ஒரே நிலையில் ஒலிப்பது எதுவோ அதுவே எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்பது அதற்குத் தெரிய நியாயமில்லை.

அவளுக்கு விடை சொல்லப் புகுந்தபோதுதான், கையோடு எடுத்துச் செல்லக்கூடிய சங்கீதத்துக்காக அறுபது வருஷ காலமாக மனிதர்கள் பட்ட பாடெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. எந்த வடிவத்தில் ஒலியைப் பதிந்து வைப்பது என்பதும், எந்த வடிவத்தில் அதைக் கேட்டு அனுபவிப்பது என்பதும் ஒரே கேள்வியாகத் தோன்றினாலும், அவை இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் ஒரே விடை கிடைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களே அதிகமாக ஏமாந்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனிக்குப் பெல்ஜியத்தில் ஹாசெல்ட் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே பொறியாளராயிருந்த லூ ஒட்டன்ஸ் என்பவர், பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரின் பருமனையும், நாடாவை ஒவ்வொரு தடவையும் கையால் எடுத்துக் கோக்க வேண்டியிருந்த தொல்லையையும் சகிக்க முடியாமல், தம் கோட்டுப் பைக்குள் கச்சிதமாக அடங்கும்படி ஒரு மரக்கட்டையை அறுத்து வைத்துக்கொண்டு, புதிய யந்திரம் அந்தக் கட்டையின் அளவைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டினாராம். (அந்தக் கட்டை பிற்பாடு அவருடைய கார் ஜாக்கிக்கு முட்டுக் கொடுக்கப் போய்த் தொலைந்துவிட்டது என்று சொல்லுவார்கள்.) அதன்படி பிறந்து 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளிவந்த கேசட், சங்கீதத்தை உத்தேசித்துச் செய்யப்பட்டதே அன்று, குறிப்புச் சொல்லவும் பேச்சைப் பதியவும் போதுமானது என்றுதான் அதைச் செய்தவர்கள் எண்ணியிருந்தார்கள். வீட்டு ஸ்பூலில் கால் அங்குல அகலமுள்ள நாடா விநாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும்போது, கேசட்டிலோ 3.81 மில்லிமீட்டர் அகலமே உள்ள நாடா 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. ஒலி உட்காருவதற்கு இருந்த இடமே அவ்வளவு சுருங்கிவிட்டபடியால், பாட்டுக்குப் பின்னால் ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நாடாவின் மேற்பூச்சிலும், டால்பி என்பவர் கண்ட இரைச்சல் குறைக்கும் முறையிலும் முன்னேற்றம் உண்டாகி, அது கேட்கத் தகுந்ததாவதற்குச் சில வருஷங்கள் பிடித்தன. பையின் அளவை முதலில் தீர்மானித்து, அதற்குள் எவ்வளவு ஒலி அடங்குகிறதோ அடங்கட்டும் என்று விட்ட அந்த முறைதான், இன்று வரைக்கும் இந்தத் துறையில் நடந்துவந்த எல்லாவற்றுக்கும் முன்மாதிரி.

இருந்தாலும் கேசட் உலகமெல்லாம் பரவியது. கட்டணம் கேட்காமல் யார் வேண்டுமானாலும் அதே அளவில் செய்துகொள்ளலாம் என்று பிலிப்ஸ் அனுமதி கொடுத்தது ஒரு காரணம். கேட்பதற்கும் பதிவதற்கும் ஒரே பெட்டி உதவியது மற்றொரு காரணம். வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்கள் சுமந்துவந்த டூ-இன்-ஒன் பெட்டிகளும், கேசட் பதிந்து தரப்படும் என்று பலகை மாட்டிய சின்னஞ்சிறு கடைகளும் இல்லாதிருந்தால் தமிழ்நாட்டில் சினிமாப் பாட்டின் சரித்திரமே வேறாயிருக்கும். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலிக் கேசட் ஒன்றோடு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை அறியாதவர் என் வயதினரில் அபூர்வம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாமல் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டுமே என்று அவர் நாம் எழுதிய வரிசையை மாற்றிவிடுவார். அந்த மாற்றிய வரிசையே மனத்தில் படிந்துபோய், இன்றைக்கும் எங்கேயாவது ஒரு பாட்டு முடிந்தால், அந்தக் கேசட்டில் அடுத்து வந்த பாட்டின் முதல் வாத்தியத்தைக் காது எதிர்பார்த்து நிற்கிறது.

கச்சேரி பதிந்தவர்களின் கஷ்டம் வேறு. தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம். ராகம் தானம் பல்லவி அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுமா? நூற்றிருபது நிமிஷக் கேசட்டை வாங்கினாலோ, அதே கூட்டுக்குள் அதிக நீளம் அடங்க வேண்டியிருந்ததால் நாடா மிகவும் மெலிந்து, யந்திரத்துக்குள் சிக்கிக்கொண்டு, பென்சிலும் கையுமாக உட்கார வைத்துவிடும். அதோடு இன்னொரு விசித்திரமும் உண்டு. மெல்லிய நாடா சுற்றின்மேல் சுற்றாக வெகுநாள் கிடந்தால், ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் லேசாகப் படிந்துவிடும். அதனால் நிசப்தத்துக்கு நடுவே, பாடகர் வாய் திறப்பதற்குச் சற்று முன்பே, அவருடைய குரலின் நிழல் ஒன்று மெல்லக் கேட்கும். இந்த நிழலைப் பிற்பாடு வேறோர் இடத்தில் மறுபடி சந்திக்கப் போகிறோம்.

கையோடு எடுத்துச் செல்லும் பெட்டியில் கேட்பதும் பதிவதும் பிரிந்தது 1979 ஜூலை 1ஆம் தேதி என்று நாள் குறித்தே சொல்லலாம். சோனி கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரான மசாரு இபுகா, நீண்ட விமானப் பிரயாணங்களில் சங்கீதம் கேட்க விரும்பினார். பத்திரிகை நிருபர்களுக்காக அந்தக் கம்பெனியே செய்துவந்த பிரஸ்மேன் என்ற சிறிய ரெக்கார்டரை எடுத்து, பதியும் உறுப்புகளை நீக்கி, ஸ்டீரியோவாகக் கேட்கும்படி திருத்தி, மெல்லிய ஹெட்ஃபோன் ஒன்றை இணைத்துக் கொடுத்தார்கள். பதிய முடியாத டேப் ரெக்கார்டரை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே சந்தேகப்பட்டவர்கள் உண்டு. வாக்மேன் என்ற பெயரோடு 33,000 யென் விலைக்குக் கடைக்கு வந்த அந்த யந்திரம் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கேட்கிறவர்கள் ஆயிரம் பேர் என்றால் பதிகிறவர் ஒருவர் என்ற கணக்கை வியாபாரிகள் அன்றைக்கே தெரிந்துகொண்டார்கள். பதிகிற அந்த ஒருவருடைய சௌகரியம் அதற்குப் பிறகு எப்போதும் இரண்டாம் பட்சமாகவே இருந்துவருகிறது.

பிரிந்த இரண்டையும் மறுபடி சேர்த்துவைக்க நடந்த முயற்சிகளுள் மிகவும் அழகானது, என் மனத்துக்கு மிகவும் பிடித்தது, மினிடிஸ்க். 1992 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த அதை நம் ஊர்க் கடைத்தெருவில் அதிகமாகக் கண்டவர் இல்லை. 64 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு தட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சுழலும். அதில் பதியும் விதம் கேட்க ரசமானது. கீழேயிருந்து லேசர் கதிர் ஒரு நுண்ணிய புள்ளியைச் சுமார் 180 டிகிரி வரையில் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் அந்தப் புள்ளி தன்னிடமிருந்த காந்தத்தின் திசையை விட்டுவிடுகிறது. மேலேயிருந்து ஒரு காந்த முனை, சூடு தணிவதற்குள், தான் விரும்பும் திசையை அதற்குக் கொடுத்துவிடுகிறது. ஆறிய பிறகு அருகில் சாதாரணமான காந்தத்தைக் கொண்டுபோனாலும் பதிவு அசையாது. திரும்பப் படிக்கும்போது காந்தத்தின் திசையைப் பொறுத்து ஒளியின் தளம் சற்றே திரும்புவதைக் கொண்டு ஒலியை மீட்கிறார்கள். பத்து லட்சம் தடவை அழித்து எழுதலாம் என்று கம்பெனி சொல்லியது. கேசட்டைப்போல ஓட்டி ஓட்டித் தேட வேண்டாம், நடுவிலிருக்கும் பாட்டை எடுத்து முன்னால் வைக்கலாம், ஒன்றை இரண்டாக வெட்டலாம், இரண்டை ஒன்றாக ஒட்டலாம், பெயர் எழுதலாம். கையில் ஒரு மினிடிஸ்க் ரெக்கார்டரும் பொத்தானளவு மைக்கும் இருந்தால், எங்கே வேண்டுமானாலும் தெளிவான ஸ்டீரியோ பதிவு கிடைத்தது. பிரிட்டனில் வானொலி நிருபர்கள் பலர் அதையே தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தார்கள்.

ஆனால் அந்தச் சிறிய தட்டில் குறுந்தகட்டின் ஒலி முழுவதும் அடங்காது. குறுந்தகட்டில் விநாடிக்கு 1,411 கிலோபிட் அளவு விவரம் செல்கிறது. மினிடிஸ்க்கில் 292தான் செல்லும். ஐந்தில் நான்கு பங்கை எறிந்துவிட வேண்டும். எதை எறிந்தால் காதுக்குத் தெரியாது என்பதை ஆராய்ந்து எறிவதற்கு அட்ராக் என்று ஒரு முறையைச் சோனி வகுத்தது. இதைக் குறையாக நான் சொல்லவரவில்லை, நன்றாகவே செய்திருந்தார்கள். குறை வேறிடத்தில் இருந்தது. ஒருவர் தம்முடைய சொந்த மைக்கைக் கொண்டு, தம்முடைய சொந்தப் பாட்டையே பதிந்திருந்தாலும், அதைக் கணினிக்கு மாற்ற வேண்டுமென்றால், ஒரு மணி நேரப் பதிவை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மறுபுறத்தில் மீண்டும் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. 2001இல் கணினியோடு இணைக்கும் வசதி வந்தபோதும், கணினியிலிருந்து தட்டுக்குப் பாட்டு இறங்குவதற்கு வழி விட்டார்களே தவிர, தட்டிலிருந்து கணினிக்கு ஏறும் வழியை அடைத்தே வைத்தார்கள். இசைத்தட்டுகளைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்துவிடுவார்களோ என்ற பயம், சொந்தப் பதிவையும் சிறையில் வைத்துவிட்டது. பழைய தட்டுகளிலிருந்த பதிவுகளை நேராகக் கணினிக்கு ஏற்ற இடங்கொடுத்த யந்திரம் 2006இல் வந்தது. முதல் மினிடிஸ்க் வந்து பதினான்கு வருஷத்துக்குப் பிறகு. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. 2025 பிப்ரவரியோடு காலித் தட்டு உற்பத்தியையும் சோனி நிறுத்திவிட்டது. எந்தப் பதிவு வடிவத்தையாவது தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், ஒலி எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே போனது எப்படி வெளியே வரும் என்று நான் கேட்கத் தொடங்கியது இந்த மினிடிஸ்க்கின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

கூட்டம் கலைந்து போன இடம் எம்பி3. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்திலுள்ள ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் வருஷக்கணக்கில் உழைத்து உருவாக்கிய முறை அது. கோப்புப் பெயரின் ஈற்றில் ‘எம்பி3’ என்று சேர்ப்பது என 1995 ஜூலை 14ஆம் தேதி முடிவாயிற்று. அதன் ரகசியம் காதின் பலவீனத்தில் இருக்கிறது. நாகஸ்வரம் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்பதில்லை; பலத்த ஒலியொன்று தனக்கு அருகிலுள்ள ஸ்தாயியில் ஒலிக்கும் மெல்லிய ஒலிகளை மறைத்துவிடுகிறது. மறைந்து போகப்போகிற ஒலிக்கு எதற்கு இடம் ஒதுக்க வேண்டும்? இந்தத் தத்துவத்தை வைத்துக்கொண்டு, குறுந்தகட்டின் ஒலியைப் பதினொன்றில் ஒரு பங்காக, விநாடிக்கு 128 கிலோபிட்டாகச் சுருக்கினார்கள். சூஸன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி வாத்தியத் துணை ஒன்றுமில்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாட்டு ஆரம்பத்தில் இந்த முறையில் படுமோசமாகக் கேட்டதாம். பெரிய வாத்தியக் கோஷ்டியைச் சமாளித்த யந்திரம் ஒற்றைக் குரலிடம் தோற்றது. குரலுக்குப் பின்னால் பிழையை ஒளித்துவைக்க இடமில்லை அல்லவா? அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டே பிராண்டன்பர்க் தம்முடைய முறையைத் திருத்தினார்.

மேலே சொன்ன நிழல் இங்கே மறுபடி வருகிறது. எம்பி3 ஒலியைச் சிறு சிறு காலத் துண்டுகளாக எடுத்துக்கொண்டு சுருக்குகிறது. ஒரு துண்டின் முற்பகுதி நிசப்தமாயிருந்து, பிற்பகுதியில் மிருதங்கத்தின் ‘தீம்’ சொல் சட்டென்று விழுந்தால், சுருக்குவதால் ஏற்படும் பிழை துண்டு முழுவதிலும் பரவி, அடி விழுவதற்கு முன்பே ஒரு கலங்கல் கேட்கிறது. மெலிந்த நாடாவில் கேட்ட அதே முன்னொலி, காரணம் மட்டும் வேறு! அளவைத் தாராளமாகக் கொடுத்தால், அதாவது விநாடிக்கு 256 கிலோபிட்டோ 320 கிலோபிட்டோ வைத்தால், இதைக் கண்டுபிடிக்க என் காதுக்குச் சக்தியில்லை. மிகக் குறைந்த அளவில் வைத்தால் மிருதங்கத்தின் கூர்மை மழுங்குவதையும், தம்புராவின் ஜீவாவில் எழும் நுண்ணிய ஒலிகள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல நெளிவதையும் யாரும் அறியலாம்.

1998இல் 32 மெகாபைட் நினைவோடு வந்த ரியோ என்ற சிறு கருவியும், 2001 அக்டோபரில் 5 கிகாபைட் தட்டில் ஆயிரம் பாட்டு என்று விளம்பரத்தோடு வந்த ஐபாடும் வாக்மேன் காட்டிய வழியிலேயே சென்றன. இரண்டும் பதியப் பிறந்தவை அல்ல. எம்பி3யின் காப்புரிமைக் கட்டணங்கள் 2017இல் முடிந்துவிட்டன. இப்போது அது பொதுச்சொத்து. அதைவிடத் திறமையான ஏஏசி, ஓபஸ் முதலிய முறைகள் வந்துவிட்ட போதிலும், உலகத்தில் எந்தப் பழைய கருவியில் போட்டாலும் பாடும் என்ற ஒரு குணத்துக்காகவே எம்பி3யை நான் கைவிடவில்லை.

இனி மருமகளுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். கேட்பதற்கு எம்பி3 போதும் என்றேன்; பதிவதற்குப் போதாது என்றேன். சுருக்கிப் பதிந்ததிலிருந்து எறிந்தவை எறிந்தவைதான். பிறகு எந்த வித்தையாலும் திரும்பா. அதோடு, சுருக்கியதைத் திருத்தி, வெட்டி, மறுபடி சுருக்கினால் பிழை பிழையின்மேல் ஏறும். ஆசிரியை பாடியதைக் கைப்பேசி ஒரு முறையில் சுருக்கிப் பதிகிறது. அதையே ஒலிக்கவிட்டு வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக இவள் தோழிக்கு அனுப்பினால் அது ஓபஸ் முறையில் மறுபடி சுருங்குகிறது. தோழி அதைக் கம்பியில்லா ஹெட்ஃபோனில் கேட்கும்போது புளூடூத் மூன்றாம் தடவையாகச் சுருக்குகிறது. இந்த மூன்று சல்லடைக்கும் தப்பி வந்த கமகத்தைக் கொண்டுதான் அந்தப் பெண் பாடம் பண்ண வேண்டும்.

ஆகவே பதிவதற்குக் கைக்கடக்கமான டிஜிட்டல் ரெக்கார்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்து, சுருக்கப்படாத வேவ் வடிவத்தில், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைக்கச் சொன்னேன். அப்படி வைத்தால் நிமிஷத்துக்குச் சுமார் 17 மெகாபைட் ஆகும்; 32 கிகாபைட் மெமரி கார்டு ஒன்றில் முப்பது மணி நேரம் அடங்கும். இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் இடத்தில் போய்ச் சிக்கனம் பண்ணுவது, மழைக்காலத்தில் தண்ணீரை அளந்து குளிப்பதுபோல. 24 பிட் என்பது கேட்பவருக்காக வைத்ததல்ல. மனிதக் காது கேட்கும் உச்ச ஸ்தாயி சுமார் 20 கிலோஹெர்ட்ஸ்தான், அதற்குக் குறுந்தகட்டின் 16 பிட்டும் 44.1 கிலோஹெர்ட்ஸும் தாராளம். பதிகிறவருக்குத்தான் அது வேண்டும். பாடகர் எந்த க்ஷணத்தில் தார ஸ்தாயிக்குத் தாவுவார் என்பது யாருக்குத் தெரியும்? அளவுக்கு மீறிய ஒலி தலை வெட்டுண்டு கரகரக்கும். அதற்குப் பயந்து, உச்சியிலிருந்து 12 டெசிபல் கீழே இருக்கும்படி அளவைக் குறைத்து வைத்தாலும், 24 பிட் பதிவில் அடியில் இரைச்சல் தெரியாது. தானாக அளவை ஏற்றி இறக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் தம்புரா பெரிதாகப் பொங்கி எழுந்து, அவர் பாடத் தொடங்கியதும் அடங்கிப் பதுங்கும். மூன்று மணி நேரம் ஓடினால் கருவி 2 கிகாபைட்டுக்கு ஒரு தடவை கோப்பைத் துண்டாக்கக்கூடும். பயப்பட வேண்டாம், இரண்டையும் ஒட்டினால் இடைவெளி தெரியாது. சபாக்களில் பதிவதானால் பாடுகிறவரின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேவ் கோப்பை ஃப்ளாக் என்ற வடிவமாக்கி வைத்துக்கொள்ளலாம். 2001இல் வெளிவந்த இந்த முறை ஒன்றையும் எறியாமல் சுருக்குவது. புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பதுபோல, விரித்தால் ஓர் இழைகூடக் குறையாமல் முழுப் புடவையும் வரும். இடம் ஏறக்குறையப் பாதியாகும். உரிமைக் கட்டணம் இல்லை; எந்தக் கம்பெனி மூடினாலும் இதைத் திறக்கும் சாவி எல்லாரிடமும் இருக்கிறது. அந்த ஃப்ளாக்கிலிருந்து பஸ்ஸில் கேட்க ஓர் எம்பி3 பிரதி எடுத்துக்கொள்ளட்டும். தொலைந்தால் இன்னொன்று எடுக்கலாம்.

மருமகள் போன பிறகு எனக்கும் உற்சாகம் உண்டாகி, அலமாரியிலிருந்த என் தகப்பனாரின் பழைய கேசட்டுகளை எடுத்தேன். சென்னை ஈரத்தில் சிலவற்றின் நாடா விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது, மற்றவை ஓடின. ஒவ்வொரு கேசட்டுக்கும் டெக்கின் ஹெட்டைச் சிறு திருகாணியால் சாய்த்து, உச்ச ஸ்தாயி தெளியும் இடத்தில் நிறுத்தி, தொண்ணூறு நிமிஷமும் கூடவே உட்கார்ந்து கணினியில் ஏற்றினேன். ஒன்றில், தெரு முனைக் கோயில் கச்சேரி. தனி ஆவர்த்தனம் நடக்கிறது. மிருதங்கக்காரர் மோஹராவுக்கு வருகிறார், தகப்பனார் பக்கத்திலிருந்த யாரிடமோ மெல்ல, "திருப்பணும்" என்கிறார், ஒரு ‘டக்’. பிறகு மற்றொரு ‘டக்’, தீர்மானத்தின் கடைசி அடியும் கைதட்டலும். நடுவே போன ஆவர்த்தனங்கள் எத்தனை என்று தாளம் போட்டுப் பார்த்தும் கணக்குச் சேரவில்லை. ஃப்ளாக்கில் ஏற்றிய பிரதியிலும் அந்த இரண்டு ‘டக்’கும் இருக்கின்றன, மருமகளுக்கு அனுப்பிய எம்பி3யிலும் இருக்கின்றன.